பால்மாவு டின்னில் நாற்பத்தெட்டு மாத்திரைகள்

1983 பிப்ரவரி 12, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. தோட்டத்து ஆபீசில் ஸ்டோர் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன். மேல்வயிற்றில் ஒரு வலி வந்தது. பேனாவை மூடப் பார்த்தேன். மூடி இரண்டு முறை கையிலிருந்து நழுவியது. மூன்றாம் முறை மூடிவிட்டு நாற்காலியிலிருந்து சரிந்தேன். நேரம் எப்படித் தெரியும் என்று கேட்கிறவர்களுக்கு: விழும்போது சுவர்க்கடிகாரம் கண்ணுக்கு நேரே இருந்தது.

நான் மலாய் நாட்டின் கெடா மாநிலத்தில், பெண்டாங்குக்குக் கிழக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர். அப்போதே பத்தொன்பது வருடமாக ஸ்டோர் என் பொறுப்பு. பதினாறு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன்: மழை பெய்ததா, யார் வந்தார்கள், என்ன படித்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த அறுபத்துநான்கு நாளுக்கும் தனியாக ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. போன மாதம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர், தம் தம்பிக்கு ரத்தத்தில் காளான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம், அது என்ன, பிழைப்பானா என்று கேட்டு வந்தார். அவருக்கு வாயால் சொன்னதைத்தான் இப்போது, 1988-இல், நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுதாக எழுதுகிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை விட்டுவிட்டேன். அங்கே எனக்குப் பணிவிடை செய்தவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். இதில் வரும் தவறும் அவர்களுடையது அல்ல.

வயிற்றுப் புண் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். ஞாயிறு அதிகாலை வயிற்றைத் திறந்து தைத்தார்கள். உள்ளே சிந்தியிருந்த அசுத்தத்துக்காக மூன்று வகை ஆன்டிபயாடிக். வாய்வழியே சோறு தண்ணீர் கிடையாது. கழுத்தெலும்புக்குக் கீழே பெரிய ரத்தக்குழாயில் ஒரு மெல்லிய குழாய் செருகி அதன் வழியாகத்தான் உணவு. பிப்ரவரி 16, சாம்பல் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். என் மனைவி செசிலி கோவிலிலிருந்து நேராக வந்தாள். அவள் நெற்றியில் சாம்பல் சிலுவை. வலி மருந்தின் மயக்கத்தில் நான் அதைப் பார்த்து, "ஏன், எனக்கு முடிஞ்சு போச்சா?" என்று கேட்டேனாம்.

"முடிஞ்சிருந்தா வெறும் நெத்தியோடயா வருவேன்? கறுப்புக் கட்டிட்டு வரமாட்டேனா?" என்றாளாம். இது என் நோட்டில் இல்லை, அவள் சொன்னது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். செசிலிக்குத் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை. ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அந்த மாதம் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்றன, வெட்டு நிறுத்தப்பட்டிருந்தது, குழந்தைகள் தாய்மாரோடு வீட்டில். அதனால் அவளால் தினமும் இரண்டு பஸ் மாறி வர முடிந்தது. அந்த வருடம் மரங்கள் இலை கொட்டியது எனக்காகத்தான் என்று இன்றைக்கும் சொல்வாள்.

வார்டு நீளமானது, இரு பக்கமும் கட்டில்கள், மேலே நிதானமாகச் சுற்றும் காற்றாடிகள். என் வலப்பக்கத்துக் கட்டிலில் பாச்சிக் சாலே; பாச்சிக் என்றால் மலாயில் மாமா. யான் என்ற ஊர்ப் பக்கத்து நெல்விவசாயி, அறுபது வயதிருக்கும். காலில் ஆறாத புண். கட்டிலிலிருந்து ஜன்னல் வழியே பார்த்தால் வெகு தூரத்தில் ஜெராய் மலை மங்கலாகத் தெரியும். "என் வீடு அந்த மலைக்கு அந்தப் பக்கம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் மலாயில் காட்டுவார். மேகம் மூடிய நாளிலும் காட்டுவார்.

பிப்ரவரி 24, வியாழன். தையல் ஆறிக்கொண்டிருந்தது. மாலையில் திடீரென்று குளிர். பற்கள் அடித்துக்கொண்டன. 39.4 என்று எழுதியிருக்கிறேன், வார்டில் சென்டிகிரேடுதான். செசிலிக்கு ஃபாரன்ஹீட்டாக மாற்றிச் சொன்னால்தான் பயப்படத் தெரியும். நூற்று மூன்று என்றேன். பயந்தாள்.

இரண்டு கையிலும் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தைச் சத்துநீர் நிறைந்த குப்பியில் விட்டு, வெதுவெதுப்பில் வைத்து, அதில் ஏதாவது முளைக்கிறதா என்று பார்ப்பது அந்தப் பரிசோதனை. நாற்று பாவி முளைக்கக் காத்திருக்கும் அதே காத்திருப்பு. முளைத்தது என்னவென்று பெயர் சொல்லவும், எந்த மருந்துக்குச் சாகும் என்று சோதிக்கவும் பினாங்குப் பக்கத்தில் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் கெடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அங்கே ஞாயிறு. வெள்ளி முதல் ஞாயிறு வரை மூன்று நாளில் சனிக்கிழமை ஒன்றில்தான் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். என் ரத்தம் எந்த நாளில் எந்த மேசையில் கிடக்கும் என்று படுத்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 28, திங்கள். டாக்டர் சிவராசா கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். தைப்பிங்கில் பிறந்தவர், யாழ்ப்பாணக் குடும்பம். மாத்திரையைக் குளிசை என்பார், நோட்டைக் கொப்பி என்பார். டாக்டர் உட்கார்ந்து பேசினால் விஷயம் பெரிது என்று பாச்சிக் சாலே ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார்.

"உங்கட ரத்தத்தில் ஈஸ்ட் வளருது அந்தோணி. ஒரு வகைக் காளான். தோசை மா புளிக்கிறதும் கள்ளுப் பொங்கிறதும் இதின்ர சொந்தக்காரராலதான்."

செசிலிக்குக் கள்ளு என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. "டாக்டர், இவர் கள்ளுக்கடைப் பக்கம் தலைவச்சுப் படுத்ததில்ல. பூசையில கொடுக்கிற திராட்சை ரசத்துக்கே முகத்தைச் சுளிப்பாரு. இவர் ரத்தத்துல எப்படிக் கள்ளு வரும்?"

டாக்டர் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். இந்த ஈஸ்ட் எல்லார் குடலிலும் வாயிலும் ஒரு மூலையில் சும்மா இருப்பது. கூட இருக்கும் பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கும். எனக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் அந்தக் காவலையும் சேர்த்துக் கொன்றுவிட்டது. வயிற்றில் ஓட்டை, கழுத்தருகே குழாய். ரத்தத்துக்குள் போக இரண்டு வழி. ஆஸ்பத்திரியில் நெடுநாள் படுத்தவர்களுக்குத்தான் இது வரும். கண், சிறுநீரகம், இதயம் என்று எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். கவனிக்காவிட்டால் ஆளை முடித்துவிடும்.

குழாயை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். இதற்கு இரண்டு மருந்து இருந்தது. ஒன்று ஆம்போடெரிசின் என்ற ஊசி மருந்து: வலுவானது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, அது வெளியிலிருந்து வரவேண்டும். மற்றது ஃப்ளூசைட்டோசின் என்ற மாத்திரை. கொஞ்சம் கையில் இருந்தது. வேளைக்கு மூன்று, நாளைக்கு நான்கு வேளை, மொத்தம் பன்னிரண்டு. மார்ச் 1, செவ்வாய்க்கிழமை தொடங்கினார்கள்.

தோட்டத்தில் அதற்குள் செய்தி வேறு மாதிரி பரவிவிட்டது. கிராணிக்கு ரத்தத்தில் கள்ளு ஓடுகிறதாம். ஆபீசில் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார், கடவுள் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று. செசிலி இரண்டு பேரோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போதும் கொஞ்சம் சிரித்தேன், தையல் வலித்தது.

அந்த மாத்திரை குமட்டும். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் வெளியே வந்துவிடும். ஒவ்வொன்றாகக் கால்மணி அரைமணி விட்டு விழுங்கச் சொன்னார் டாக்டர். அதனால் வார்டு நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் சரோஜா, என் முன்னால் நின்று பார்க்காமல், மூன்று மாத்திரையையும் சின்னக் கோப்பையில் வைத்துவிட்டுப் போவார். குலிம் என்ற ஊர்க்காரர். குரல் வாசலில் வரும்போதே கட்டில்கள் நேராகிவிடும்.

"மத்தவங்களை நம்பி வைக்க மாட்டேன். அண்ணன் கிராணி, நோட்டுல எழுதுறவர், அதான் வைக்கிறேன்" என்பார். நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி வைத்திருந்தேன்: நேரம், காய்ச்சல், உட்கொண்ட மாத்திரை. டாக்டர் வரும்போது ஆஸ்பத்திரி அட்டையைப் பார்க்கும் முன் என் நோட்டைக் கேட்பார். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 3, வியாழன். மருந்து டிராலி தள்ளும் ஊழியர் பேச்சுவாக்கில் சொன்னார்: "இந்த மாத்திரை தலைநகரம் கே.எல்.லேருந்து வரணும்லா. கையில பத்துப் பன்னெண்டு நாளுக்குத்தான் இருக்காம். அப்புறம் எழுதிப் போடணுமாம்."

எழுதிப் போடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் நான் எழுதிப் போட்டிருக்கிறேன். மண்வெட்டிக் காம்பு கேட்டால் ஆறு வாரம். பால் வாளி கேட்டால் இரண்டு மாதம், அதிலும் பாதி எண்ணிக்கைதான் வரும். சரக்கு குறையும்போது ஸ்டோர் கிராணி செய்வது ஒன்றுதான்: கேட்டதில் பாதி கொடுப்பான். இருப்பை இழுத்துப் பிடிப்பான். அந்தப் பழக்கம் என் கைவிரலில் இருந்தது. அன்று காலை முதல் வேளைக்கு வந்த மூன்றிலேயே இரண்டை விழுங்கினேன், ஒன்றைத் தலையணைக்கடியில் வைத்தேன்.

சாயங்காலம் செசிலியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு டின் எப்போதும் உண்டு. தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை அந்த டின்னில் போட்டு வைப்பாள். டிரெஸ்ஸர் இல்லாத நாளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். வெள்ளை தலைவலிக்கு, மஞ்சள் இருமலுக்கு.

"நல்ல வேலை செஞ்சீங்க. தீந்துபோச்சுன்னா யாரு கொடுப்பா?" என்றாள். மறுநாள் ரஸ்க் போட்டுக்கொண்டு ஒரு பால்மாவு டின் வந்தது. ரஸ்க்குக்கு அடியில் மாத்திரை.

நோட்டில் மூன்றாம் பத்தியில் என்ன எழுதுவது? பன்னிரண்டு என்றே எழுதினேன். ஸ்டோரிலிருந்து வழங்கப்பட்டது பன்னிரண்டுதானே, பொய் இல்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் பத்தியின் தலைப்பு 'உட்கொண்டது' என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

மார்ச் 6, ஞாயிறு. காய்ச்சல் இல்லை. 36.9. குமட்டல் மட்டும் இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் எங்கள் கணக்கில் மருந்தின் வேலை பாதி முடிந்த மாதிரி. திங்கள் முதல் வேளைக்கு ஒன்று மட்டும் விழுங்கி இரண்டை டின்னில் போட்டேன். கஞ்சி குடித்தேன். வராந்தா வரை நடந்தேன். பாச்சிக் சாலே தம் சாரோங்கைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நொண்டியபடி கூட வந்தார். அந்த நான்கு நாட்களை நினைத்தால் இன்றும் ஒரு சுகம். வராந்தாவில் நெல்வயல் காற்று, செசிலி ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்த காப்பி, மிஸ்ஸி சரோஜா தூரத்திலிருந்து, "ரெண்டு மாப்பிள்ளைங்களும் எங்க கிளம்பிட்டீங்க, பொண்ணு பார்க்கவா?"

மார்ச் 11, வெள்ளி. அதிகாலை நான்கு மணி, 38.4. சனிக்கிழமை 40.1.

வெள்ளியன்று பயந்துபோய் மூன்று மூன்றாக விழுங்க ஆரம்பித்தேன். விழுங்கும்போது பாச்சிக் சாலே பார்த்துக்கொண்டே இருந்தார். மெல்லக் கேட்டார்: "கிராணி, இத்தனை நாள் டின்னுக்குள் போட்டாயே, எதுக்கு?"

தீர்ந்துவிடும் என்று எடுத்து வைத்தேன் என்றேன்.

"இது பாடி இல்லை" என்றார். பாடி என்றால் மலாயில் நெல். "நெல்லைத்தான் விதைக்கு எடுத்து வைக்கணும்." அவ்வளவுதான் சொன்னார். மிஸ்ஸியிடம் சொல்லவில்லை.

மார்ச் 13, ஞாயிறு. காலையில் டாக்டர் சிவராசாவும் அறுவை டாக்டரும் சேர்ந்து வந்தார்கள். என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள்.

"மருந்து முழுசாப் போயிருக்கு" என்றார் சிவராசா. "உங்கட கொப்பியே சாட்சி. ஒரு வேளை விடயில்லை. அப்படியிருந்தும் காய்ச்சல் வருதெண்டால் வயித்துக்குள்ள எங்கயோ சீழ் கட்டியிருக்க வேணும். திறந்து பார்க்க வேணும்."

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது வயிற்றைத் திறக்காமல் உள்ளே பார்க்க வழியில்லை. மறுநாள் காலை என்று முடிவாயிற்று. என் எடை நாற்பத்துநான்கு கிலோ. முதல் முறையே ரத்த அழுத்தம் விழுந்து மேசையிலேயே தடுமாறியிருக்கிறேன். இரண்டாம் முறை தாங்குமா என்று கேட்டேன். அறுவை டாக்டர், "முயற்சி செய்வோம்" என்று மட்டும் சொன்னார். கையெழுத்துத் தாளை வைத்துவிட்டுப் போனார்கள்.

நோட்டை மார்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். என் வயிற்றைத் திறக்கச் சொல்வது அந்த மூன்றாம் பத்திதான். அதில் இருக்கும் பன்னிரண்டுகள். தோட்டத்தில் யாராவது ஸ்டோர் புத்தகத்தைத் திருத்தினால் நான் சும்மா விட்டதில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நம்பி மாத்திரையை வைத்துவிட்டுப் போன மிஸ்ஸிக்கு வேலையில் என்ன ஆகும்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு, சொல்லாமல் இருக்க ஒவ்வொரு காரணமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் செசிலி வந்தாள். தாளைக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அதுவும் தமிழ் மட்டும். வாசித்துச் சொன்னேன். பிறகு, மாத்திரையைக் குறைத்ததுதான் காரணமாக இருக்கலாம், சீழே இல்லாமலும் இருக்கலாம் என்றேன்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. எப்படிச் சொல்றது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "சாவுறதுக்குக் கையெழுத்துப் போடுவீங்க. தப்புப் பண்ணிட்டேன்னு சொல்ல மாட்டீங்க. அப்படித்தானே?"

தாளை மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

"டின்னு கொண்டாந்தது நானு. என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று சொல்லி, கட்டிலருகே இருந்த பெட்டியிலிருந்து டின்னை எடுத்து என் கையில் வைத்தாள்.

மிஸ்ஸி சரோஜாவைக் கூப்பிட்டேன். ரஸ்க்கைத் துண்டில் கொட்டி, மாத்திரைகளைப் போர்வைமேல் கொட்டினேன். அவர் இரண்டிரண்டாக எண்ணினார். நாற்பத்தெட்டு. எல்லாவற்றையும் டின்னில் அள்ளிப் போட்டார்.

"தோட்டத்துல ஸ்டோர் வச்சிருந்தீங்க, சரி. என் வார்டுலயுமா அண்ணே ஸ்டோர் தொறக்கணும்?" கண் கலங்கியிருந்தது. "பொண்ணு பார்க்கவான்னு கேலி பண்ணினேனே, இதைக் கவனிக்காம." டின்னோடு வேகமாக நடந்தார்.

கெடாவில் ஞாயிறு வேலை நாள். டாக்டர் கட்டிடத்திலேயே இருந்தார். வந்து மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். செசிலி முந்திக்கொண்டு, "நானும்தான் டாக்டர்" என்றாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொப்பியைத் தாங்கோ. இல்லை, நீங்களே எழுதுங்கோ. எந்த நாள் எத்தனை குளிசை வயித்துக்குள்ள போனது? இப்ப உண்மையான எண்."

சிவப்புப் பேனா வாங்கி எழுதினேன். முதல் இரண்டு நாள் பன்னிரண்டு. அடுத்த நான்கு நாள் எட்டு. அதற்கடுத்த நான்கு நாள் நான்கு. பழைய எண்களை அழிக்கவில்லை. மேலே ஒரு கோடு மட்டும். எண்கள் குறையக் குறைய, பக்கத்துப் பத்தியில் காய்ச்சல் முதலில் இறங்கி, பிறகு ஏறியிருந்தது. டாக்டர் அந்த இரண்டு பத்தியையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"கோடிக்கணக்கான ஈஸ்டில் ஒண்டு ரெண்டு எப்பவும் இந்த மருந்துக்குச் சாகாததாப் பிறக்கும். மற்றதெல்லாம் செத்தால் அதுக்கு இடம் கிடைக்கும். அரைகுறையா மருந்து போனால் இன்னும் வசதி. இப்ப உங்கட ரத்தத்தில் வளருறது அந்த மிச்சமாத்தான் இருக்க வேணும்."

எனக்கு லாலாங் புல் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் களைமருந்தடிக்கும் பெண்கள் தண்ணீரைக் கூட்டிக் கலந்தால் மேலே காய்ந்து இரண்டு வாரத்தில் திரும்ப முளைக்கும். அதற்காக நானே அவர்கள்மேல் கத்தியிருக்கிறேன். அதை டாக்டரிடம் சொன்னேன். "அது வேர் சாகாததால. அதே புல்லுத்தான் திரும்ப வருது" என்று திருத்தினார். "இது வேற. இங்க புல்லே மாறிப்போச்சு."

பாச்சிக் சாலேவின் சொல் அப்போதுதான் முழுதாக விளங்கியது. நான் மாத்திரையை எடுத்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். விதைக்கு எடுத்து வைத்தது காளானை. அதிலும் பொறுக்கி எடுத்த மணியை.

அறுவையை ஐந்து நாள் தள்ளிவைத்தார்கள். ஊசி மருந்து அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. அதைப் போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் திறப்பது என்று பேச்சு. மார்ச் 14, திங்கள், முதல் நாள் சோதனையாகத் துளி. அடுத்த நாளிலிருந்து நிஜம். வெளிச்சம் படக்கூடாது என்று பாட்டிலுக்குப் பழுப்புக் காகித உறை. மஞ்சள் மருந்து ஆறு மணி நேரம் இறங்கும். இறங்கத் தொடங்கி ஒரு மணி நேரத்தில் உடல் தூக்கிப் போடும். கட்டில் இரும்பு கடகடவென்று சத்தமிடும். செசிலி கால்மேல் குறுக்கே படுத்து அமுக்கிக்கொள்வாள். பாச்சிக் சாலே தம் போர்வையையும் சாரோங்கையும் கொண்டுவந்து என்மேல் போட்டுவிட்டு, தாம் வெறும் மெத்தையில் சுருண்டு படுப்பார். சிறுநீரகத்துக்காக ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் என்ற உப்பு குறைந்துவிட்டது, வாழைப்பழம் தின்னுங்கள் என்றார்கள். யானிலிருந்து பாச்சிக்கின் மகன் ஒரு தாரே கொண்டுவந்தான். வார்டு முழுக்கத் தின்றது. அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் மருந்துக்காக யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாரைத்தான் எப்படித் திருப்பிச் செய்வது என்று தெரியவில்லை.

மிஸ்ஸி சரோஜா ஒரு புதுச் சட்டம் போட்டார். "இனி அண்ணன் தனியா எழுதுறது செல்லாது. மருந்து முழுசா ஏறினதைப் பார்த்தவங்க பக்கத்துல கையெழுத்துப் போடணும். அக்கா, நீங்க போடுங்க."

செசிலி தன் பெயரை மட்டும் எழுதக் கற்றிருந்தாள்; சம்பளநாளில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று நான் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு நாளும் பாட்டில் காலியானதும் நோட்டை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'செசிலி' என்று எழுதுவாள். காலியாவதற்குள் கடைசி பஸ் போய்விடுமே என்று சொன்னால், "போனா போகட்டும்" என்பாள். அப்படி இரண்டு இரவு வராந்தா பெஞ்சில் படுத்தாள்.

மார்ச் 19, சனி: 37.2. மார்ச் 20: 36.8. அறுவை டாக்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.

மார்ச் 24, வியாழன், ஆய்வுக்கூடத்துப் பதில் வந்தது. பிப்ரவரியில் எடுத்த ரத்தத்தில் இருந்த ஈஸ்ட் அந்த மாத்திரைக்குச் செத்தது. மார்ச் 12-இல் எடுத்ததில் இருந்தது சாகவில்லை. மாத்திரை மருந்துக்கு நடுவிலேயே செழித்து வளர்ந்தது. இரண்டும் ஒரே இனம், ஒரே உடம்பு, நடுவில் பதினாறு நாள். டாக்டர் தாளைக் காட்டிவிட்டுக் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "முழுசா எடுத்திருந்தாலும் இது நடந்திருக்கலாம் அந்தோணி. இந்தக் குளிசையைத் தனியாக் குடுக்கிறதே ஆபத்து, ஊசியோட சேர்த்துத்தான் குடுக்க வேணும் எண்டு இப்ப எழுதுறாங்கள். அந்த வேளை ஊசி கையில இருக்கயில்லை. எனக்கும் இதில பங்கு இருக்கு." அவர் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சொன்ன தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 29 அன்று பாச்சிக் சாலே வீட்டுக்குப் போனார். சாரோங்கைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை. 1986-இல் அவர் இறக்கும்வரை ஒவ்வொரு அறுவடைக்கும் எங்கள் பஸ் கண்டக்டர் கையில் ஒரு சிறு மூட்டை அரிசி வந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 3, உயிர்த்த ஞாயிறு. வார்டில்தான். மிஸ்ஸி சரோஜா இந்து. எங்கிருந்தோ ஒரு வெள்ளை லில்லி கொண்டுவந்து மருந்துப் பாட்டில் கம்பியில் கட்டிவிட்டுப் போனார். ஏப்ரல் 16, சனிக்கிழமை, வீடு. தோட்டத்தில் மரங்கள் புது இலை விட்டு மூடியிருந்தன. நான் போனபோது வானம் தெரிந்த பாதை அது.

எனக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மற்றபடி நலம். வீட்டு அலமாரியில் இருந்த மாத்திரை டின்னை, திரும்பி வந்த அன்றே செசிலி கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். லயத்துப் பெண்கள் வந்து கேட்டால், "டிரெஸ்ஸர்கிட்ட போ. கொடுத்ததை முழுசாத் தின்னு" என்பாள்.

போன வாரம் எனக்குச் சளி. கிளினிக்கில் ஐந்து நாளுக்கு மாத்திரை. மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. இருந்தும் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றாள். "வாயைத் தொறங்க." திறந்தேன். "நாக்கைத் தூக்குங்க." தூக்கினேன். பிறகு மேசையில் இந்த நீல நோட்டு விரிந்து கிடப்பதைப் பார்த்து, எதிரே உட்கார்ந்து பக்கம் புரட்டினாள்.

மார்ச் 14 முதல் ஏப்ரல் 15 வரை முப்பத்துமூன்று வரிகள். அவற்றில் இருபத்தொன்பதில் அவள் பெயர். முதல் பெயர்கள் கோணல். ஏப்ரலில் எழுத்து நேராகிவிட்டது. மீதி நான்கு நாள், புது இலை விட்டு மறுபடி பால்வெட்டு தொடங்கியதால் ஆயாக்கொட்டகையை விட்டு அவளால் வர முடியவில்லை. அந்த நான்கு வரியில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது.

"ஐயோ, இது நாலும் விட்டுப்போச்சே" என்றாள். "பேனாவைக் கொடுங்க, இப்பப் போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு நீ வரல செசிலி" என்றேன்.

அவள் நோட்டை மூடினாள். பிறகு சிரித்து, மீதி இரண்டு நாளும் எனக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை எடுத்து உள்ளே வைக்கப் போனாள்.